பாலத்துக்குத் துளையிட்டு வார்க்கும் பைல்: மண் ஆய்வு முதல் பைல் கேப் வரை

பாலத்தில் மற்ற பாகங்களின் குறை எப்படியும் கண்ணில் பட்டுவிடும். தூணில் ஹனிகோம்ப் (கான்கிரீட் நிரம்பாத பொத்தல்) விழுந்திருந்தால் ஷட்டரை, அதாவது வார்ப்புப் பலகையைப் பிரித்த அன்றே தெரியும். கர்டர் (உத்தரம்) வளைந்திருந்தால் நூல் பிடித்துப் பார்த்தால் தெரியும். மண்ணுக்குள் ஆழமாக இறங்கிப் பாலத்தைத் தாங்கும் பைல் அப்படியில்லை. வார்த்து முடித்த பிறகு அதன் தலை மட்டும்தான் நமக்கு, மீதி இருபது முப்பது மீட்டரும் மண்ணுக்குச் சொந்தம். துளை அடியைத் தொட்ட நேரத்திலிருந்து கான்கிரீட் மேலே வந்து சேரும் வரையிலான அந்த ஏழெட்டு மணி நேரத்தில்தான் அதன் தலையெழுத்து முடிவாகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் இயந்திரங்களைவிட, அந்த நேரத்தில் எதை அளப்பது, எதைப் பார்த்தால் வேலையை நிறுத்துவது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பைலில் வகைகள் பல. பங்களாதேஷின் பத்மா பாலத்தில் 3 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்களை ஏறக்குறைய 120 மீட்டர் ஆழத்துக்குச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். அது வேறு உலகம். நம் ஊர்ச் சாலைப் பாலங்களிலும் மேம்பாலங்களிலும் பெரும்பாலும் பார்ப்பது ரிக் என்ற துளையிடும் இயந்திரம் வைத்துத் துளையிட்டு, பெண்டனைட் என்ற களிமண் குழம்பு நிரப்பி, துளையின் அடிவரை இறங்கும் ட்ரெமி குழாய் வழியாகக் கான்கிரீட் இறக்கும் பைல். விட்டம் 1000, 1200 அல்லது 1500 மி.மீ. இங்கே பேசப்போவது அதைப் பற்றி மட்டும். அளவுகள் ஐ.ஆர்.சி. 78 (இந்தியச் சாலைக் காங்கிரஸின் பால விதிநூல்), ஐ.எஸ். 2911 (பைலுக்கான இந்தியத் தர விதி), மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விவரக்குறிப்பின் 1100-ம் பிரிவு ஆகியவற்றையும் களத்தின் வழக்கத்தையும் ஒட்டியவை. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு எண் இருந்தால் ஒப்பந்தம் சொல்வதே செல்லும்.

1. மண் ஆய்வு

2004 ஏப்ரலில் அமெரிக்காவின் டாம்பா நகரில் செல்மன் விரைவுச்சாலைக்கு மேல்மட்டப் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு தூண் சுமார் 11 அடி மண்ணுக்குள் இறங்கியது. ஒரு தூணுக்கு ஒரே ஒரு பெரிய பைல் என்ற வடிவமைப்பு. கீழே இருந்தது சுண்ணாம்புப் பாறை. அதன் மட்டம் சில மீட்டர் தள்ளினாலே ஏறி இறங்கும், நடுநடுவே பொள்ளலும் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பாலத்தில் வரிசையாகப் பல தூண்களின் அடித்தளத்தை ஆராய்ந்து பலப்படுத்த வேண்டியதாயிற்று.

ஆகவே பாலத்துக்கு மண் ஆய்வு என்றால் குறைந்தது தூணுக்கு ஒரு போர், அதாவது சோதனைத் துளை. இரண்டு கரையிலும் ஆற்று நடுவிலும் மூன்று போர் போட்டுவிட்டு இடையில் கோடு இழுப்பது காகிதத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். பாறை சாய்ந்திருக்கும் இடத்தில் ஒரே பைல் கேப்பின் (பைல்களின் தலைகளைச் சேர்த்துத் தூணைத் தாங்கும் கான்கிரீட் கட்டை) இரு முனைகளிலும் போர் போடச் சொல்லிக் கேளுங்கள். துளை பைலின் அடியோடு நிற்காமல், அதற்கும் கீழே பல மீட்டர் போக வேண்டும். பாறை என்று நினைத்தது உருண்டைக் கல்லா என்று அப்போதுதான் தெரியும்.

ஆற்றுப் பாலத்தில் அடுத்த கேள்வி மண்ணரிப்பு. வெள்ளம் வந்தால் தூணைச் சுற்றி எவ்வளவு ஆழத்துக்கு மணல் போகும்? இந்தியாவில் லேசி சூத்திரம்: ஒரு மீட்டர் அகலத்துக்குப் போகும் வெள்ளத்தை வர்க்கப்படுத்தி, மண்ணின் சில்ட் காரணியால் (மண் துகளின் அளவைக் காட்டும் எண்) வகுத்து, கனமூலம் எடுத்து, 1.34-ஆல் பெருக்க வேண்டும். மீட்டருக்கு நொடிக்கு 10 கன மீட்டர் வெள்ளம், சில்ட் காரணி 1 என்றால் சராசரி அரிப்பு 6.2 மீட்டர். தூண் அருகில் இதற்கு இரண்டு மடங்கு எடுப்பதால், உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 12.4 மீட்டர் கீழே வரை மண் இல்லை என்றே கணக்குப் போட வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத் தூண்கள் சரிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் மிகையாகத் தோன்றாது.

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குளோரைடு, சல்பேட் அளவைப் பார்க்கும் சோதனை மலிவானது, ஆனால் அடிக்கடி விட்டுப்போகிறது. 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் கிரீன் பே நகரில் லியோ ஃப்ரிகோ பாலத்தின் ஒரு தூண் இரண்டடி அளவுக்கு இறங்கியது. சுற்றியிருந்த நிரப்பு மண்ணில் தொழிற்சாலைக் கழிவு கலந்திருந்ததால் எஃகுப் பைல்கள் அரித்துப்போயிருந்தன. கான்கிரீட் பைல் அப்படிச் சட்டென்று போகாது என்றாலும், சிமெண்ட் வகையை முடிவுசெய்வது இந்தச் சோதனைதான்.

2. இடம் குறித்தலும் கேசிங்கும்

டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் மையம் குறித்ததும், துளைக்கு வெளியே நான்கு பக்கமும் துணைக்குறி அடித்து வையுங்கள். ரிக் ஏறி இறங்கும்போது மையக் குறி முதலில் போய்விடும். பைலின் மையம் பிளாட்ஃபார மட்டத்தில் 75 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது, சாய்வு 150-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது. அதாவது 24 மீட்டர் பைலில் அடி 160 மி.மீ. தள்ளிப்போகலாம், அதற்கு மேல் கூடாது. சாய்வைத் தீர்மானிப்பது முதல் சில மீட்டர். மேல் கேசிங்கை (துளையின் வாயைத் தாங்கும் எஃகுக் குழாய்) இரண்டு திசைகளில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினால் மீதிக்கு ரிக்கின் அளவி போதும்.

நீருக்குள் வேலை என்றால் நிரந்தர எஃகு லைனர் (துளையிலேயே விட்டுவிடும் குழாய்), தகடு குறைந்தது 6 மி.மீ. மணல் திட்டு போட்டுச் செய்வதா, மிதவையிலிருந்தா என்பது ஆழத்தைப் பொறுத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் 333 பைல்கள். கடலுக்குள் இருக்கும் பைலைப் பிறகு தோண்டிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

3. துளையும் பெண்டனைட்டும்

பெண்டனைட் குழம்பின் வேலை துளையின் சுவரைத் தாங்குவது. குழம்பின் மட்டம் நிலத்தடி நீர் மட்டத்தைவிடக் குறைந்தது 1.5 மீட்டர் மேலே நின்றால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். கடலோரத்தில் நீர் மட்டம் என்றால் உச்ச ஏற்றத்தின் மட்டம். காலையில் வற்றம் இருக்கும்போது கணக்குப் போட்டுவிட்டு மதியம் ஏற்றத்தில் துளை இடிவது கடற்கரைத் தளங்களில் வழக்கமாக நடப்பது.

தூளைக் கலக்கியவுடன் பயன்படுத்தாதீர்கள். ஒரு இரவாவது ஊற விட்டால்தான் முழுதாக உப்பும். புதிய குழம்புக்குப் பார்க்க வேண்டியவை: அடர்த்தி 1.03 முதல் 1.10 வரை, மார்ஷ் புனலில் (குழம்பு இறங்கும் நேரத்தை வைத்து அதன் கெட்டித்தன்மையைப் பார்ப்பது) 30 முதல் 60 நொடி, பி.எச். 9 முதல் 11.5 வரை. மார்ஷ் புனல் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 26 நொடியில் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் துவாரத்தில் அடைப்பு. உப்புத் தண்ணீரில் பெண்டனைட் உப்பாது, திரிந்துவிடும். அதனால் கடலோர வேலைக்கு நல்ல தண்ணீர் லாரி செலவை விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும்.

துளை இடிவதற்குக் குழம்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மண்ணை அள்ளி நிரம்பிய பக்கெட்டை ரிக் ஓட்டுநர் வேகமாக மேலே இழுத்தால் கீழே உறிஞ்சல் உண்டாகி மணல் சுவர் உள்ளே வந்துவிடும். மணலில் மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். நேரம் போகிறதே என்று மேஸ்திரி முணுமுணுப்பார், பரவாயில்லை. அதேபோல் புதிதாக வார்த்த பைலுக்குப் பக்கத்திலேயே 24 மணி நேரத்துக்குள் அடுத்த துளையைத் தொடங்காதீர்கள். ரிக் ஒரே பைல் கேப்பைச் சுற்றிச் சுற்றி வராமல் இரண்டு தூண்களுக்கு இடையே மாறி மாறிப் போகும்படி வரிசை போட்டுவிட்டால் இந்தச் சண்டையே வராது.

4. எங்கே நிறுத்துவது

மணலிலும் களிமண்ணிலும் வரைபடத்தில் உள்ள ஆழம் வந்தால் நிறுத்தலாம். ஒவ்வொரு மண் மாற்றத்திலும் எடுத்த மாதிரியை ஆழம் எழுதிய பையில் போட்டுப் போர் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அறிக்கையில் அடர்மணல் என்றிருந்து பக்கெட்டில் கருங்களி வந்தால், அன்றைக்கே வடிவமைப்பாளருக்குத் தகவல் போக வேண்டும்.

பாறையில்தான் தகராறு. ஒப்பந்தக்காரர் பாறை வந்துவிட்டது என்பார், ஆலோசகர் இன்னும் வரவில்லை என்பார். இரண்டு பேர் குரலை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதால்தான் ஐ.ஆர்.சி. 78 ஒரு அளவைத் தருகிறது: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு செ.மீ. இறங்க எத்தனை டன்-மீட்டர் ஆற்றல் செலவாகிறது என்று பார்ப்பது. உளி போட்டு உடைக்கும் பழைய முறையில் உளியின் எடை, விழும் உயரம், அடிகளின் எண்ணிக்கை, இறங்கிய அளவு ஆகிய நான்கையும் எழுதினாலே கணக்கு வந்துவிடும். ரோட்டரி ரிக்கில் டார்க் (முறுக்கு விசை), அழுத்தம், இறங்கிய வேகம். இதை மண் ஆய்வுப் போருக்கு மிக அருகில் உள்ள முதல் பைலில் அளந்து, அந்த இடத்துப் பாறைக்கு என்ன எண் வருகிறது என்று பார்த்துக்கொண்டால் மற்ற பைல்களுக்கு அதுவே ஒப்பீடு. அதற்குக் கீழே வடிவமைப்பு கேட்ட ஆழத்துக்குச் சாக்கெட், அதாவது பாறைக்குள் பைல் புதையும் பகுதி.

5. அடியைச் சுத்தம் செய்தல்

அடியில் தங்கிய சேற்றின் மேல் கான்கிரீட் உட்கார்ந்தால் அது பாறையில் நிற்கும் பைல் இல்லை, மெத்தையில் நிற்கும் பைல். தட்டையான அடியுள்ள சுத்தம் செய்யும் பக்கெட்டை வைத்து முதலில் எடுத்து, பிறகு ஏர் லிஃப்ட் (காற்று செலுத்திச் சேற்றை மேலே தூக்குவது) அல்லது பிளஷிங் (குழம்பை ஓட்டிக் கழுவுவது). அடியிலிருந்து எடுத்த குழம்பின் அடர்த்தி 1.12-க்குக் கீழே வரும் வரை விடாமல் செய்வது தளங்களில் வழக்கம்.

ஆழத்தை நாடாவின் நுனியில் கட்டிய தட்டைக் குண்டால் மூன்று முறை அளக்க வேண்டும். துளை முடிந்ததும் ஒன்று, கம்பிக்கூடு இறக்கியதும் ஒன்று, முதல் கான்கிரீட் போகும் முன் ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் முக்கியம். கூடு இறங்கும்போது சுவரை உரசி மண் விழுந்திருக்கும், லாரிக்காகக் காத்திருந்த நேரத்தில் மணல் படிந்திருக்கும். முதல் அளவுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசமே படிவின் கனம். பாறையில் நிற்கும் பைலுக்கு 50 மி.மீ.க்கு மேல் விடாமல் இருப்பது நல்லது. குண்டு அடியில் படும்போது கையில் ‘டக்’கென்று தெரிந்தால் சுத்தம். இழுக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தால் மறுபடி பிளஷிங்.

6. கம்பிக்கூடு

வரைபடப்படி கம்பி இருக்கிறதா என்று எல்லோரும் எண்ணுவார்கள். கம்பிகளுக்கு இடையே கான்கிரீட் போக வழி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே வைப்ரேட்டர் கிடையாது. குழாயிலிருந்து கீழே வந்த கான்கிரீட் தானாகக் கம்பிகளைத் தாண்டி வெளியே போய்க் கவரை, அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கனத்தை நிரப்ப வேண்டும். கம்பிகளுக்கு இடையே குறைந்தது 100 மி.மீ. தெளிவான இடைவெளி வேண்டும். லேப் (இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று படியும் இணைப்பு) விழும் இடத்தில் கம்பி இரட்டிப்பதால் அந்த இடைவெளி சுருங்கும், எனவே எல்லா லேப்பும் ஒரே மட்டத்தில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள், அல்லது கப்ளர் (கம்பிகளை முனையோடு முனை இணைக்கும் குழல்) போடுங்கள்.

கவர் 75 மி.மீ. உருளும் கவர் பிளாக் போட்டால் கூடு இறங்கும்போது சுவரைக் கிழிக்காது. கிரேன் தூக்கும்போது கூடு வளையாமல் இருக்க உள் வளையங்கள் வேண்டும், ஆனால் அவை ட்ரெமிக்கு இடைஞ்சலாகக் குறுக்குக் கம்பியோடு தங்கிவிடக்கூடாது. இறக்கும்போதே குறுக்குக் கம்பிகளை வெட்டி எடுத்துவிடுங்கள். சோனிக் சோதனைக்கு (கான்கிரீட் வழியாக ஒலி அனுப்பிப் பார்ப்பது) குழாய் வைக்க வேண்டும் என்றால் இப்போதுதான்: 1 முதல் 1.2 மீட்டர் விட்டத்துக்கு 4 எஃகுக் குழாய்கள், அடி மூடி, தண்ணீர் நிரப்பி. தண்ணீரைக் கான்கிரீட் போட்ட பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், சூட்டில் விரிந்து சுருங்கும் குழாய் கான்கிரீட்டிலிருந்து விலகிவிடும். சோதனையில் நல்ல பைலும் கெட்டதாகத் தெரியும்.

7. கான்கிரீட்

கலவை: பாலத்துக்கு எம்35 என்ற பலத் தரம் அல்லது மேல், ட்ரெமிக்குக் குறைந்தது கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட், 20 மி.மீ. ஜல்லி, ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் அளவு) 150 முதல் 200 மி.மீ. பிளாண்டில் ஸ்லம்ப் எவ்வளவு என்பது பெரிய விஷயமில்லை. முதலில் போட்ட கான்கிரீட்தான் கடைசி வரை மேலே மேலே தள்ளப்பட்டு வருகிறது, எனவே வார்ப்பு முடியும் நேரம் வரை அது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். 5 மணி நேர வார்ப்பு என்றால், சோதனைக் கலவையை 6 மணி நேரம் கழித்தும் ஸ்லம்ப் பார்த்து ரிடார்டர் (இறுகுவதைத் தாமதப்படுத்தும் மருந்து) அளவை முடிவு செய்யுங்கள். மே மாத வெயிலில் அதே கலவை வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இப்போது கணக்கு. 1200 மி.மீ. விட்டம், 24 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 1.13 சதுர மீட்டர். அதாவது மீட்டருக்கு 1.13 கன மீட்டர்.

முதல் ஊற்று எவ்வளவு? ட்ரெமியின் வாய் அடியிலிருந்து 250 மி.மீ. மேலே நிற்கிறது. முதல் தள்ளிலேயே வாய் ஒரு மீட்டராவது கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டும். ஆக 1.25 மீட்டர் உயரத்துக்கு 1.4 கன மீட்டர். இதோடு, வெளியே உள்ள பெண்டனைட்டின் அழுத்தத்தைச் சமன் செய்யக் குழாய்க்குள் கொஞ்சம் கான்கிரீட் நின்றுவிடும். மீதமுள்ள 22.75 மீட்டர் குழம்பை 1.1 அடர்த்தியால் பெருக்கி, கான்கிரீட்டின் 2.4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10.4 மீட்டர். 250 மி.மீ. குழாயில் அது 0.5 கன மீட்டர். மொத்தம் 1.9. தளத்தில் நிற்கும் ஹாப்பரோ (குழாயின் தலையில் வைக்கும் புனல் தொட்டி) பெரும்பாலும் 1 கன மீட்டர்! அதை வைத்துத் தொடங்கினால் குழாய் வாயைச் சுற்றிக் கான்கிரீட் மூடும் முன் பெண்டனைட் உள்ளே புகுந்துவிடும். பைலின் அடி கெட்டுப்போவதற்கு நான் பார்த்த வரையில் இதுதான் முதல் காரணம். 2 கன மீட்டர் ஹாப்பர் கேளுங்கள். இல்லையென்றால் ஹாப்பர் நிறைந்திருக்க, லாரியின் சரிவுத் தகடும் தயாராக நிற்க, மூடித் தகட்டை இழுத்த கணமே லாரியும் கொட்ட வேண்டும். குழாய்க்குள் முதலில் ஒரு பந்தோ பிளக்கோ போட்டால் கான்கிரீட்டும் குழம்பும் கலக்காது.

ஒரே ஒரு லாரி வந்திருக்கும்போது தொடங்கவே தொடங்காதீர்கள். இரண்டாவது கேட்டுக்குள், மூன்றாவது வழியில். அப்புறம்தான் முதல் ஊற்று.

அடுத்தது இந்த வேலையிலேயே மிக முக்கியமான அளவு. ஒவ்வொரு லாரி இறங்கியதும் குண்டு விட்டுக் கான்கிரீட்டின் மட்டத்தைப் பாருங்கள். 6 கன மீட்டர் லாரி என்றால் கணக்குப்படி 5.3 மீட்டர் ஏற வேண்டும். முதல் லாரிக்குப் பிறகு நாடா 4.9 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். துளை அந்த இடத்தில் எட்டு சதவீதம் அகலமாக இருக்கிறது என்று பொருள், மணலில் அது சாதாரணம். இப்போது ட்ரெமியில் 3 மீட்டர் துண்டு ஒன்றைக் கழற்றலாமா? கழற்றினால் வாய் 3.25 மீட்டருக்கு வரும். கணக்கு மட்டத்தை நம்பினால் புதைவு 2.05 மீட்டர், கழற்றலாம் போலிருக்கும். அளந்த மட்டத்தில் 1.65 மீட்டர்தான். முதல் ஊற்றைத் தாண்டிய பிறகு புதைவு எப்போதும் 2 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பதால் கழற்றக்கூடாது, அடுத்த லாரி வரட்டும். கணக்கை நம்பிக் கழற்றுவதற்கும் நாடாவை நம்பிக் காத்திருப்பதற்கும் இடையே 40 செ.மீ. வித்தியாசம்தான். அதற்குள்தான் ட்ரெமி வெளியே வந்துவிடும் விபத்துகள் நடக்கின்றன.

இதே அளவு இன்னொன்றையும் சொல்லும். ஏதாவது ஒரு லாரிக்கு 6.5 மீட்டர் ஏறிவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள். அங்கே பரப்பு 0.92 சதுர மீட்டர், விட்டம் 1080 மி.மீ. அளவில் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுவர் உள்ளே தள்ளியிருக்கும், அல்லது மண் விழுந்து பைலின் இடுப்பில் மாட்டியிருக்கும். மொத்தக் கான்கிரீட் கணக்கைவிட 5 முதல் 15 சதவீதம் கூடுதலாகப் போனால் இயல்பு. குறைவாகப் போனால் அந்தப் பைல் சந்தேகத்துக்குரியது, எந்தச் சோதனையும் செய்யும் முன்பே. நிறைய தளங்களில் மொத்தக் கணக்கை மட்டும் எழுதுகிறார்கள். ஒரு இடத்தில் அகலமும் இன்னொரு இடத்தில் சுருக்கமும் சேர்ந்து மொத்தத்தில் சரியாக வந்துவிடும். லாரிக்கு லாரி எழுதினால்தான் எந்த ஆழத்தில் என்ன நடந்தது என்று தெரியும்.

கம்பிக்கூடு மிதந்து மேலே வருவதும் உண்டு, குறிப்பாகக் கூடு அடிவரை போகாத பைலில் கான்கிரீட் கூட்டின் அடியை எட்டும் நேரத்தில். அப்போது மெதுவாகக் கொட்டி, கூட்டைக் கேசிங்கோடு கட்டி, தலையில் ஒரு குறி வைத்து யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்-ஆஃப் மட்டத்தோடு, அதாவது பைலின் தலை கடைசியில் நிற்க வேண்டிய மட்டத்தோடு நிறுத்திவிடக்கூடாது. மேலே வரும் கான்கிரீட் குழம்போடு கலந்தது என்பதால் 600 முதல் 900 மி.மீ. கூடுதலாகப் போட்டுப் பிறகு உடைத்தெடுக்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பைலில் 900 சேர்த்து, எட்டு சதவீதம் அகலமும் சேர்த்தால் 30.4 கன மீட்டர். ஐந்து லாரி சொல்லிவிட்டு ஆறாவதைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள், கடைசி அரை மீட்டருக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பது கொடுமை. பலம் பார்க்கக் கியூப் (கான்கிரீட் கட்டி மாதிரி) எடுப்பது ஐ.எஸ். 456 கணக்கில்: 16 முதல் 30 கன மீட்டர் வரை 3 மாதிரி, 31 முதல் 50 வரை 4.

8. நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்

ட்ரெமி வெளியே வந்துவிட்டது, அல்லது குழாய் அடைத்துக்கொண்டது, அல்லது பிளாண்ட் நின்றுவிட்டது. முதல் சில மீட்டரிலேயே என்றால் யோசிக்க வேண்டாம், கூட்டைத் தூக்கி, கான்கிரீட்டை எடுத்துவிட்டு மறுபடி துளையிடுவதுதான் மலிவு. பாதிக்கு மேல் வந்த பிறகு என்றால் கஷ்டம். வாயை மூடிய குழாயைப் பழைய கான்கிரீட்டுக்குள் நன்றாக அழுத்திப் புதைத்துத் தொடர்வது ஒரு வழி, கான்கிரீட் இன்னும் இளகியிருந்தால் மட்டும். எப்படிச் செய்தாலும் எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் என்று அந்தப் பைலின் பதிவு அட்டையில் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டால் அந்த ஆழத்தைச் சோனிக் சோதனையில் குறிவைத்துப் பார்க்கலாம், துளையிட்டுக் கோர் (உருளை வடிவ மாதிரி) எடுக்கலாம், அழுத்தக் கிரவுட் (சிமெண்ட் கரைசலை அழுத்திச் செலுத்துவது) செய்யலாம். மறைத்துவிட்டால் பைல் கேப்பும் தூணும் மேலே ஏறிய பிறகு, பக்கத்தில் புதுப் பைல் போட ரிக் நுழையக்கூட இடமிருக்காது.

9. தலை உடைத்தல்

கையால் உடைப்பது மூன்று நாளுக்குப் பிறகு, காற்றுச் சுத்தி ஏழு நாளுக்குப் பிறகு. சுற்றிலும் ஒரு கோடு வெட்டிவிட்டு உடைத்தால் கட்-ஆஃபுக்குக் கீழே விரிசல் போகாது. உடைத்து முடித்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள். களிமண் பொட்டு, பழுப்பு வளையம், சுத்தியால் தட்டினால் மொத்தென்ற சத்தம் இருந்தால் இன்னும் கீழே போக வேண்டும். நல்ல கான்கிரீட் கிடைக்கும் மட்டம் வரை போய்ப் புதிதாக வார்த்து மேலே கொண்டுவரலாம்.

10. முழுமைச் சோதனை

தலையில் சிறு சுத்தியால் தட்டி எதிரொலி கேட்கும் சோதனையை எல்லாப் பைலுக்கும் செய்யலாம், விரைவானது, மலிவானது. கான்கிரீட்டில் அலை நொடிக்கு ஏறக்குறைய 4000 மீட்டர் போகும், 24 மீட்டர் பைலின் அடியிலிருந்து 12 மில்லி நொடியில் எதிரொலி திரும்பும். அதற்கு முன்பே ஒன்று வந்தால் நடுவில் ஏதோ இருக்கிறது. ஆனால் நீளம் விட்டத்தைப் போல 30 மடங்கு அளவுக்குப் போனால் அடியின் எதிரொலி மங்கிவிடும். அடியில் தங்கிய மெல்லிய சேற்றையும், கவர் மட்டும் கெட்டிருப்பதையும் இது காட்டாது. இதில் ‘சரி’ என்று வந்த அறிக்கையை வைத்து மற்றதையெல்லாம் மறந்துவிடுவது தவறு.

சோனிக் சோதனை இன்னும் நம்பகமானது. ஒரு குழாயில் ஒலியனுப்பி, எதிர்க் குழாயில் வாங்கி, அடியிலிருந்து 5 செ.மீ.க்கு ஒரு அளவாக மேலே வருவார்கள். குழாய்கள் 80 செ.மீ. இடைவெளியில் இருந்தால் நல்ல கான்கிரீட்டில் 200 மைக்ரோ நொடி. ஒரு ஆழத்தில் அந்த நேரம் 20 சதவீதத்துக்கு மேல் கூடி, ஒலியின் சக்தியும் சேர்ந்து விழுந்தால் கோர் எடுத்துப் பார்க்க வேண்டிய இடம். குழாய்க்கு வெளியே இருக்கும் கவரை இதுவும் பார்க்காது. வந்த வரைபடத்தை லாரிவாரி அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுருங்கியதாக நாடா சொன்ன ஆழமும் சோனிக் காட்டும் ஆழமும் ஒன்றாக இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

11. சுமைச் சோதனை

தொடக்கச் சோதனை வடிவமைப்புச் சுமையைப் போல 2.5 மடங்குக்கு, பாலத்தில் சேராத தனிப் பைலில். வழக்கச் சோதனை 1.5 மடங்குக்கு, பாலத்தின் பைலிலேயே. 400 டன் பைல் என்றால் 1000 டன்னும் 600 டன்னும். மேலே அடுக்கும் பாரம் இதைவிட 25 சதவீதம் கூடுதலாக, 1250 டன் அளவுக்கு வேண்டும். அவ்வளவு மணல் மூட்டையும் கான்கிரீட் கட்டைகளும் சாயாமல் நிற்கத் தாங்கும் தரையும் வேண்டும். ஜாக்கிக்கு அருகில் அளவு பார்க்க ஆட்கள் போகும் வழியில் அடுக்கு சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் பெரிய பைல்களுக்கு, உள்ளேயே ஜாக்கி புதைத்து மேலும் கீழும் தள்ளும் இருதிசைச் சோதனையோ, கனமான சுத்தி விழும் உயர்விசைச் சோதனையோ நல்லது. பின்னதற்குச் சோதனைச் சுமையில் 1 முதல் 2 சதவீத எடையுள்ள சுத்தி வேண்டும், 600 டன்னுக்கு 6 முதல் 12 டன். மூன்று டன் சுத்தியைக் கொண்டுவந்து பைல் தாங்கும் என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

600 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டத்துக்குப் பாதுகாப்புச் சுமையை இரண்டு கணக்கில் பார்க்க வேண்டும். தொடக்கச் சோதனையில் பைல் 18 மி.மீ. அல்லது விட்டத்தில் 2 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவு இறங்கும் சுமையில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்று. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இறங்கும் சுமையில் பாதி இன்னொன்று. இரண்டில் குறைவானதுதான் பாதுகாப்புச் சுமை.

ஆற்றுப் பாலத்தில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சோதனை நடப்பது கோடையில், மணல் மட்டத்திலிருந்து. மேலே உள்ள மணலும் பைலைப் பிடித்துக்கொண்டு சோதனையில் உதவும். வெள்ளத்தில் அந்த மணல்தான் முதலில் போகும். ஆகவே அரிப்பு மட்டத்துக்கு மேலே கிடைக்கும் உராய்வைக் கணக்கிட்டுச் சோதனைச் சுமையோடு கூட்ட வேண்டும், அல்லது அந்த ஆழத்துக்குப் பைலைச் சுற்றி இரட்டைக் கேசிங் போட்டு மண் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத சோதனை கரையில் நிற்கும் பாலத்துக்குத்தான் பொருந்தும்.

12. அட்டையும் ஒப்படைப்பும்

ஒரு பைலுக்கு ஒரு அட்டை. மண் மாற்றங்கள், நிறுத்திய ஆழம், குழம்பின் அடர்த்தி, மூன்று ஆழ அளவுகள், கூட்டின் மட்டம், லாரிவாரி நேரம், ஸ்லம்ப், ஏறிய மட்டம், ட்ரெமி நீளம், கழற்றிய துண்டுகள். அந்த இடத்திலேயே எழுதி, அந்த இடத்திலேயே இருவர் கையெழுத்து. மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து பத்துப் பைலுக்கு ஒரே பேனாவில் எழுதிய அட்டைகளை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். எல்லா ஸ்லம்பும் 170 என்றே இருக்கும்.

இது சும்மா எச்சரிக்கை இல்லை. 1999-ல் ஹாங்காங்கின் ஷா டின் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் பைல்கள் பதிவில் உள்ளதைவிடக் குட்டையாக இருந்தது தெரியவந்து, கட்டடங்களையே இடிக்க வேண்டியதாயிற்று. 2011-ல் கலிஃபோர்னியாவில் பாலப் பைல்களைச் சோதிக்கும் பணியில் இருந்த ஒரு தொழில்நுட்பப் பணியாளர் சில இடங்களில் சோதனைத் தரவைப் பொய்யாக்கியிருந்தது வெளியே வந்தது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் அடித்தளத்தையே மறுபடி அலச வேண்டிவந்தது. சோதனைக் கருவியின் கச்சாத் தரவை, அச்சிட்ட அறிக்கையோடு சேர்த்து, கோப்பாகவே வாங்கி வையுங்கள்.

கடைசியாக, தலை உடைத்த பிறகு ஒவ்வொரு பைலின் மையத்தையும் மறுபடி டோட்டல் ஸ்டேஷனில் எடுங்கள். 75 மி.மீ.க்கு மேல் விலகியது ஒன்று இருந்தாலும், அந்த அளவோடு பைல் கேப் வடிவமைப்பாளருக்குப் போய், ஒவ்வொரு பைலுக்கும் வரும் சுமையை அவர் திரும்பக் கணக்கிட்டுக் கம்பியை மாற்றவோ, கேப்பை அகலப்படுத்தவோ, கூடுதல் பைல் கேட்கவோ செய்வார். அவர் எழுத்தில் பதில் வரும் வரை பைல் கேப்புக்கு அடியில் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போட விடாதீர்கள். அது போட்டுவிட்டால் மறுநாள் காலையில் கம்பி கட்டும் ஆட்கள் வந்து நிற்பார்கள்.